ஒரு குடும்பம், இரண்டு சர்நேம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், தப்பு என்னுடையது என்பது உட்பட.

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அக்காவைப் பார்க்க அப்பா, அம்மா, நான் மூவரும் போகிறோம். நாளை காலை விசா அப்பாயின்ட்மென்ட். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருந்த 'தேவசகாயம்' என்பதையே மூவருக்கும் போட்டுவிட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பதோ அப்பாவின் பெயர், 'செல்வராஜ்'.

மாலையில் அம்மாவும் நானும் டெல்லி துவாரகாவில் இருக்கும் காப்பீட்டு ஏஜென்டின் கடைக்கு ஓடினோம்.

"ஒரே ஃபேமிலி, ரெண்டு சர்நேமா?" என்றார் அவர்.

"அப்பாவுக்கு அவரோட அப்பா பேரு, எனக்கு எங்கப்பா பேரு, அங்கிள்."

"அச்சா! அப்போ உன் பிள்ளைங்களுக்கு?"

அம்மா முந்திக்கொண்டார். "அவ பேரையே வைக்கட்டும். நீங்க ஜல்தி மாத்துங்க, பாய் சாப்!"

திருத்திய பாலிசி பிரின்டரிலிருந்து சூடாகக் கைக்கு வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் எத்தனை சர்நேம்? சொல்லுங்கள். எங்களுக்காக நேரம் கடந்தும் திறந்திருந்த ஏஜென்டின் கடையில் இப்போதுதான் விளக்குகளை அணைத்தார்கள்.