மேபலுக்குப் பிடித்த பாட்டு எது?

செய்தி வந்தபோது வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்கு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், 'மேபல் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று ஒரு வரி. எங்கள் பள்ளியில் இரண்டு மேபல்கள் இருந்தார்கள். தொடக்கப் பிரிவு மேபல் டீச்சர் வயதானவர், வெகுநாளாகப் படுக்கையில் இருப்பதாகவும் கேள்வி. அவராகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று தட்டிவிட்டுக் கிழங்கைப் பைக்குள் போட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கையில் எங்கள் பழைய தலைமையாசிரியை அழைத்தார்.

"வடிவு, நீ எப்ப போறே? நானும் கூட வாறேன்."

"எங்க டீச்சர்?"

"பார்வதிபுரத்துக்குத்தான். வேற எங்க?"

பார்வதிபுரத்தில் இருந்தது கணக்கு மேபல். சில வாரங்களுக்கு முன்புதான் அவள் வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருந்தேன். ஒரு சளி, இருமல்கூட அவளுக்கு இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த வாட்ஸ்அப் குழுவைத் திரும்பத் திறந்து பார்த்தேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்று என் பெயரில் இருந்தது. அதை அழிப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. இப்போதும் அது அப்படியே கிடக்கிறது.

அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் 'மேபல் டீச்சர்' என்றும் 'அவர்' என்றும்தான் சொல்வீர்கள். எனக்கு அது வராது. பணியில் சேர்ந்த புதிதிலேயே என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டவள் அவள். அவள் என்றே எழுதுகிறேன்.

அவளிடம் படித்தவர்களுக்கு அவள் கணக்கு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு வேதக்கோவிலுக்குப் போனவர்களுக்கு, பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று தாழ்ந்த குரலில் அவள் பாடிய கீர்த்தனைகள் தெரியும். ஆசிரியைகள் அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் காதில் என்ன ஓடியது என்பது எங்களில் சிலருக்கு மட்டுமே தெரியும். அவளுடைய அண்ணன் ஜஸ்டஸ் மஸ்கட்டிலிருந்து ஒரு வாக்மேன் கொண்டுவந்து தந்திருந்தார். கூடவே வெளிநாட்டு ராக் குழுக்களின் கேசட்டுகள். விடைத்தாள் திருத்திக்கொண்டே அவள் அதைக் கேட்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. சிவப்பு மை பேனா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ஒரு பக்கத்து இயர்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தாள். தகரக் கூரையில் யாரோ தேங்காய்களை உருட்டிவிட்டதுபோல இருந்தது. நடுவே ஒருவன் அழுகிறானா, பாடுகிறானா என்றே விளங்கவில்லை.

"தலை வலிக்குது மேபல்" என்றேன்.

"செரி, வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டாள். கோபமில்லை, வற்புறுத்தலும் இல்லை. அதன்பிறகும் புதுக் கேசட் வரும்போதெல்லாம் குழுவின் பெயரைச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். ஊறுகாய் பரிமாறுகிறவளிடம் வேண்டாம் என்று கையால் இலையை மறைப்போமே, அப்படி ஒரு தலையாட்டல்.

கூடப் பணியாற்றிய ஒரு டீச்சர் அவளைக் கேட்டார்: "கொயர்ல பாடுற நீங்க இந்தச் சத்தமெல்லாம் கேக்கலாமா?"

மேபல் விடைத்தாளிலிருந்து நிமிராமலேயே சொன்னாள்: "கர்த்தருக்குக் காது நமக்க காது மாதிரி சின்னதா என்ன?"

ஜஸ்டஸ் அண்ணனின் கல்யாணத்துக்குப் பூ வாங்க அவள் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்திருந்தாள். நான் தோவாளைக்காரி என்பதால் கூட நின்று பேரம் பேசிக் கொடுத்தேன். துணைக்கு நானும் ஏறிய பஸ்ஸில் பிச்சிப்பூக் கூடைகள் எங்கள் மடிவரை ஏறியிருந்தன. வெள்ளமடம் தாண்டும்போது கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தாள். அட்டையில் கடலோரம் ஒரு காலி நாற்காலியின் படம்.

"இத வெச்சுக்க. கேக்கணும்னு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"உங்கிட்ட இருக்கட்டு."

இருந்தது. பல வருடங்கள் எங்கள் வீட்டு அலமாரியில், திருக்குறள் உரைக்கும் தையல் சாமான் டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. வீடு மாறியபோது காணாமல் போயிற்று. அதை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இடது தோள் இறுகிப்போனது. கையை உயர்த்தித் தலை பின்ன முடியாது. நாகர்கோவிலில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஆயிஷா என்று கோட்டாறைச் சேர்ந்த பெண். தோளில் சூட்டுப் பை வைத்துக் குப்புறப் படுக்கப் போட்டுவிட்டு, அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் காலை மடக்கி நீட்டுவாள். அறையில் மெல்லிய சத்தத்தில் ஏதாவது பாட்டு ஓடும். நான் கவனித்ததில்லை. அன்றைக்கு ஏனோ கவனித்தேன். எழுந்து போக முடியாதபடி கிடந்ததுதான் காரணமோ என்னமோ. ஒரு கிதார் தனியாகத் தொடங்கியது. பிறகு முரசு. அதன்மேல் ஓர் ஆண்குரல். வரியின் கடைசிச் சொல்லை அவன் விடமாட்டான். இழுத்து, தேய்த்து, அது மூச்சாகிப் போகும்வரை பிடித்துக்கொண்டிருப்பான். பாட்டு முடிந்தபோது கட்டில் துணி என் கன்னத்தடியில் நனைந்திருந்தது.

"ஆன்டி, வலிக்குதா? சூடு கூடுதலா இருக்கா?" என்று ஆயிஷா ஓடி வந்தாள்.

"இல்ல மக்கா. இது யாரு பாடுகது?"

"இதா? பழைய பேண்டு ஆன்டி. எங்க வாப்பா கேப்பாங்க. நிறுத்தட்டா?"

"நிறுத்தாண்டாம்."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கடலோரம் ஒரு காலி நாற்காலி.

குழுவின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே தேடிக் கேட்பீர்கள். கேட்டுவிட்டு, இதற்கா இந்தப் பாடு என்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான். அன்றைக்கு உருண்ட தேங்காய்களெல்லாம் எங்கே போயின? பாட்டு மாறவில்லை. என் காது திருந்திவிட்டது என்று சொல்லவும் மனம் வரவில்லை, அது முன்னைவிட மந்தமாகத்தான் இருக்கிறது. ஆங்கிலமும் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, வேறொன்றும் கேட்கப் பிடிக்கவில்லை. அந்தக் குழுவின் பாட்டுகள் தீர்ந்ததும் மேபல் சொன்ன மற்றப் பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கேட்டேன். தலையாட்டி அனுப்பிவிட்டவர்கள் எல்லோரும் திரும்ப வந்து வாசலில் நின்றதுபோல இருந்தது. மகள் சென்னையிலிருந்து பேசும்போது, "அம்மா, என்ன அங்க ஒரே சத்தமா இருக்கு?" என்பாள்.

மேபலிடம் போனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நேரில் போட்டுக் காட்டி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பார்வதிபுரம் போனேன். அவள் பஜ்ஜி சுட்டு வைத்திருந்தாள். தட்டை நகர்த்திவிட்டுப் போனை மேசையில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இவனுவள அவ்வளவு பிடிக்காது, கேட்டியா" என்றாள்.

"பின்ன எனக்கு எதுக்குட்டி அந்த கேசட்டத் தந்தே?"

"உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"எப்படி நெனச்சே?"

"நம்ம பழைய கட்டடத்துல நடுவுல பலகைத் தடுப்புதான உண்டு. அந்தப் பக்கம் நீ செய்யுள் நடத்துவே. ஒவ்வொரு வரியிலயும் கடைசிச் சொல்ல விடவே மாட்டே. எனக்க பிள்ளையளு கணக்கப் போட்டுட்டு உனக்க வாலு எப்ப முடியும்னு காத்திருக்கும். இவன் பாடினதக் கேட்டதும், இது வடிவுக்கு உள்ளதுன்னு தோணிச்சு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இத்தனை காலமும் அவள் ரசனையை நான் ஒதுக்கி வைத்ததாக எண்ணியிருந்தேன். அது அவளுடையதே இல்லையாம், என்னுடையதாம்.

"அப்ப உனக்குப் பிடிச்சது எது?"

"அது உனக்கு ஆவாது. நீ எழும்பி ஓடிருவே."

"போடு பாப்போம்."

போட்டாள். வேறொரு குழு. உண்மையிலேயே தாங்கமுடியவில்லை. தாளம் ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது, இடையில் இரும்புக் கதவை இழுத்து மூடுகிற ஓசை. மேபல் தோளைக் குலுக்கி, உதட்டைக் கடித்து, பள்ளிப் பெண்ணைப்போல உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நான் கண்டதே இல்லை. பாதியில், "போதும் தாயே" என்றேன். உடனே நிறுத்திவிட்டாள்.

"மேபல், இதுல என்ன இருக்கு?"

"சொன்னா வராதுட்டி" என்றாள். பஜ்ஜி ஆறிவிட்டது என்று சொல்லித் தட்டைத் திரும்ப நகர்த்தினாள்.

அதுதான் கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்து மேபலின் வீட்டுக்கு வந்தோம். ஜஸ்டஸ் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். மனைவி இறந்தபிறகு தங்கையோடுதான் அவர் இருந்தார். "டீச்சர், மூணாம் நாள் ஜெபம் வீட்டுல வெச்சிருக்கோம். ஜெபம் முடிஞ்ச பொறவு அவளுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடணும்னு ஆசை. போதகர் ஐயரும் சம்மதிச்சாச்சு. எதுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்த நாற்காலிக் கேசட்டுதானே?"

"அது அவளுக்குப் பிடிக்காதுன்னு சொன்னாளே அண்ணாச்சி."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "யாரு சொன்னா? அது அவளுக்கு உயிருல்லா! நான் மஸ்கட்டுல இருந்து வரும்போது அவ முதல்ல கேக்கது அவனுவளத்தான். போன ஞாயித்துக்கிழமகூட உச்சைக்குப் பொறவு அதத்தான் போட்டுட்டுப் படுத்திருந்தா."

அப்படியானால் மேபல் என்னிடம் சொன்னது என்ன? நான் இவ்வளவு காலம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, இந்தா, இது முழுதும் உனக்கே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாளா? அல்லது நான் வந்துபோன பிறகுதான் அதைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாளா? அண்ணனுக்குத் தெரிந்தது அவர் வாங்கிவந்த கேசட்டுகள் மட்டும்தானா? மேபல் பொய் சொல்கிறவள் அல்ல. ஜஸ்டஸ் அண்ணனும் அல்ல. யாரிடம் கேட்பது?

மூன்றாம் நாள் வந்த உங்களில் சிலர், அந்தப் பாட்டைப் போட்டது யார் என்று பிறகு கேட்டிருக்கிறீர்கள். நான்தான். ஜெபம் முடிந்து காப்பி வந்துகொண்டிருந்தது. ஜஸ்டஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். என் போனில் இரண்டு பாட்டும் எடுத்து வைத்திருந்தேன். கடைசி நொடிவரை எதைத் தொடப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. தொட்டது இரண்டாவதை, அந்த இரும்புக் கதவுப் பாட்டை. அதைக் கேட்டபோதுதானே அவளை அப்படிப் பார்த்தேன்! மற்றவர்கள் சொன்னதைவிட, அவள் சொன்னதைவிடவும்கூட, அந்தத் தோள் குலுங்கியதை நம்பினேன்.

சத்தம் வந்ததும் ஐயர் காப்பியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். மேபலின் சித்தி என் கையைப் பிடித்து, "மக்கா, போன் கேடாயிட்டா?" என்றார்.

"இல்ல சித்தி. இது மேபலுக்குப் பிடிச்ச பாட்டு."

"இதா? எனக்க பிள்ளைக்கா?"

சித்தி கையை எடுக்கவில்லை. கடைசிவரை கேட்டார். ஜஸ்டஸ் அண்ணன் தலைகுனிந்திருந்தார். முடிந்ததும், "இத அவ கேட்டு நான் பாத்ததே இல்லியே டீச்சர்" என்றார். குற்றம் சொல்லவில்லை. தங்கையைப் பற்றி முதன்முதலாக எதையோ கேள்விப்பட்ட முகம். பிறகு அவரே எழுந்து தன் போனில் நாற்காலிக் குழுவின் பாட்டைப் போட்டார். இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் கலைந்தார்கள்.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை விளங்கவில்லை. இரங்கல் கட்டுரை எழுதுகிறவர்கள், போனவரைத் தெளிவாகக் கண்டுவிட்டதுபோல முடிப்பார்கள். என்னால் முடியாது. எனக்கு மேபல் முன்னைவிடக் குழப்பமாகத்தான் இருக்கிறாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு பாட்டுகள். ஒன்று எனக்குப் பிடித்தது. அது அவள் தந்ததா, அவளுடையதா என்று தெரியாது. மற்றது எனக்குப் பிடிக்காதது. அதையும் தினமும் ஒருமுறை போடுகிறேன்.

இன்று காலை அது ஓடிக்கொண்டிருந்தபோது தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். சட்டுவம் கல்லின் விளிம்பில் தட்டுகிற ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். தட்டியது என் கைதான். தாளத்துக்குச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டு பிடித்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் கை நிற்கவில்லை. தோசை ஒரு பக்கம் கருகியதை அதன்பிறகுதான் கண்டேன்.