ஈஸ்டர் அன்று நான் பாதியில் நிறுத்திய சாட்சி

சபையாரே, போன ஈஸ்டர் அன்று இதே தாராவிக் கோயிலில் நின்று, ஆண்டவர் என்னை முழுக்கச் சுகமாக்கிவிட்டார் என்று சொன்னேன். நீங்களும் என்னோடு அழுதீர்கள். அது அவசரத்தில் சொன்ன சாட்சி. மிச்சத்தைச் சொல்ல இன்று வந்திருக்கிறேன். அதிக நேரம் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தே சொல்கிறேன்.

இந்த அறுபத்துநான்காம் வருஷம் பிறந்த சூட்டோடு வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள், அக்குளுக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் தோண்டி எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி அதைத் தமிழில் சொன்னாள். காய்ச்சல் அடித்தாலோ, தையல் போட்ட இடம் கசிந்தாலோ, அன்றைக்கே திரும்பி வந்துவிட வேண்டுமாம். தலையை ஆட்டிவிட்டு, சீட்டை வேதப் புத்தகத்தில் சங்கீதங்களுக்கு நடுவே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன், சாட்சி சொன்னேன். என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். சாவைவிட உங்கள் முகங்கள்தான் எனக்குப் பயமாக இருந்தன. சுகமானேன் என்றவள் திரும்பவும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே என்று ஒருவர் சொன்னால், ஆண்டவர் பேருக்கு அல்லவா கேடு? இப்படி ஒரு புத்தி எனக்கு. அவர் பேரை நான் காப்பாற்றப் போகிறேனாம்!

தையல் போட்ட இடமும் கசிய ஆரம்பித்தது. ரவிக்கைக்குள் பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டேன். கசிவு நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் அசதி என்றேன். எட்டு வயது மகளுக்குச் சடை பின்னக் கை எழும்பவில்லை. தலைவிரி கோலமாகவே பள்ளிக்கூடம் போனாள். தினமும் காலையில் அந்தச் சீட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சங்கீதம் வாசித்தேன். யாருக்கும் தெரியாமல் இதை மாற்றிவிடும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

ஏழாம் நாள் விடியற்காலையில் ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை. ஆண்டவரே, என்னால் முடியவில்லை, யாருக்குத் தெரிந்தாலும் சரி, என் மகளைத் தாயில்லாப் பிள்ளை ஆக்கிவிடாதேயும் என்றேன். அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

எனக்கு முன்னால் நின்றவர் கதீஜா அக்கா. கடையநல்லூர்க்காரர், அவர் வீட்டுக்காரர் எங்கள் சந்தில் தையல் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிக்க என் குடத்தை வாங்கும்போது அவர் கை என் கையில் பட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டார். என்னைத் தனியே கூட்டிப்போய் முந்தானையை விலக்கிப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏ எஸ்தரு, ஒடம்பு அனலா கொதிக்கி. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒங்க சாமி கோவிச்சுக்கிடுமா?"

அவரே என் வீட்டுக்காரரை எழுப்பினார், அவரே டாக்சியும் பிடித்தார். டாக்டர் அன்றைக்கே திரும்பக் கீறிச் சீழை எடுத்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்றார். மறுபடி ஒரு மாதம் அங்கேயே கிடந்தேன்.

நம் கோயில் உபதேசியார் ஐயா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது, பொய்ச் சாட்சி சொல்லிவிட்டேன் ஐயா என்று முகத்தை மூடிக்கொண்டேன்.

"பொய் இல்லம்மா, பாதியில நிறுத்திட்ட. மிச்சத்தயும் வந்து சொல்லு" என்றார்.

அதைத்தான் சொல்லிவிட்டேன். நோய் முழுக்கப் போய்விட்டது என்று டாக்டரே சொல்லவில்லை, நானும் இனிச் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று காலை என் மகளைத் தாழ உட்கார வைத்துச் சடை பின்னினேன். கோணல் சடைதான்.

சுகமானேன் என்று சொல்லிவிட்டோமே என்று வலியை மறைத்துக்கொண்டு யாராவது இங்கே இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஆண்டவரிடம் சொல்வோம், டாக்டரிடமும் போவோம். நானே கூட வருகிறேன். கதீஜா அக்காவும் வருவார். அதோ, கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் ஆண்டவர் எனக்குத் தந்த பதில்.

வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. இடது கையை உயர்த்திச் சொல்கிறேன், ஸ்தோத்திரம் ஆண்டவரே.