லினக்ஸ் போனுக்கு அம்மா பண்ணுன கோல்

போன் ரிப்பேர் கடையில உக்காந்திருக்கிறவன் ஊரு போனையெல்லாம் ஓட வைப்பான், சொந்த போன மட்டும் நோண்டி நோண்டியே சாகடிப்பான். நீங்களும் நம்ம கூட்டம்னா கிட்ட வாங்க, நம்ம வலி நமக்குத்தான் தெரியும்.

நான் ஏ.எல். படிப்பப் பாதியில விட்டவன். பாதின்னா, பேக் வாங்குன வரைக்கும். ஹட்டன் டவுன்ல ஒரு போன் கடையில வேலை, வீடு நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்க. ஒருத்தரு ரிப்பேருக்குக் குடுத்த போன, புதுசு வாங்கிட்டேன் இது வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாரு. முதலாளி அத என் பக்கம் தள்ளுனாரு. அப்புறம் என்ன நடந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? உள்ள இருந்ததெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, கம்பியூட்டர்ல ஓடுற லினக்ஸ அதுல ஏத்த ஆரம்பிச்சுட்டேன்!

எழுத்து ஓடுது!

ஒரு வாரமா அந்த போன் கறுப்பாவே கெடந்துச்சு. ஆன் பண்ணா கறுப்பு, ஆஃப் பண்ணா அதே கறுப்பு. நானும் எதையாவது மாத்தி மாத்தி ஏத்திக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பட்டன அமுக்குறேன், ஸ்கிரீன் முழுக்க வெள்ள வெள்ளையா எழுத்து மேலருந்து கீழ கொட்டுது! ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், "வந்துருச்சு! வந்துருச்சு!"ன்னு குதிச்சேன்.

போனுக்கு ரீலோட் காசு போட வந்த அக்கா ஒருத்தவங்க ஸ்கிரீனப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, அவங்க போன சேலைக்குள்ள மறைச்சுக்கிட்டாங்க. "தம்பி, நம்பர வாயால சொல்றேன், தூர நின்னே ரீலோட் போடு. அந்த வியாதி என் போனுக்கும் ஒட்டிக்கப் போகுது."

டோர்ச்சுக்கு ஒரு கட்டுரை

அதுக்கப்புறம் என்னப் புடிக்க முடியல. வைபை வந்துச்சு. எங்கம்மா பொட்டு சைசுல இருந்த எழுத்தையெல்லாம் பெருசாக்குனேன். கடை கம்பியூட்டர்ல ஓடுற பாட்ட போன்லருந்தே நிப்பாட்டுனேன். கடைசியா, ஒரு வரி கட்டளை அடிச்சா டோர்ச் எரியிற மாதிரி பண்ணிட்டேன். உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்னு தெரியும். முதலாளிக்குத் தெரியலயே!

கூப்பிட்டுக் காட்டுனேன். ரெண்டு தடவ எழுத்துப்பிழை, மூணாவது தடவ பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. முதலாளி அவரு போன எடுத்தாரு, ஒரு தட்டு தட்டுனாரு, டோர்ச் எரிஞ்சுச்சு. "என்னுது தொட்டா எரியுது. உன்னுது கட்டுரை எழுதுனாத்தான் எரியுமா?"

கோதுமை மா வராத கதை

எல்லாம் ஓடுச்சு, ஒண்ணத் தவிர. கோல் வந்தா மணி அடிக்கும், எடுக்கலாம், செகண்டும் ஓடும். ஆனா இங்க பேசுறது அங்க கேக்காது, அங்க பேசுறது இங்க கேக்காது.

எங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்க. மலையில டீ குடிக்கிற நேரம் எனக்கு கோல் பண்ணி, வரும்போது கோதுமை மா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நான் இங்க "அம்மா! அம்மா!"ன்னு கத்துறேன், அவங்க அங்க "மா! மா!"ன்னு கத்தியிருக்காங்க. சாயங்காலம் வெறுங்கையோட போய் நின்னேன். ரொட்டி இல்ல, ஏச்சு மட்டும் சுடச்சுட. வீட்டுல கெடந்த பழைய பட்டன் போன்ல சிம்மப் போட்டு ஏமாத்தலாமேன்னு நீங்க நினைப்பீங்க. எங்கம்மா நம்மளப் பெத்தவங்க, அந்த பட்டன் போன எடுத்துக் கூடைக்குள்ள போட்டுக்கிட்டே சொன்னாங்க:

"கணக்கப்புள்ள தேயிலைக்கு மருந்தடிக்க ஆள் கேக்குறாரு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் கோல் பண்ணுவேன். அந்த போன்ல நீ பேசுனா கடைக்குப் போ. பேசலன்னா உன் பேரப் பதிஞ்சிருவேன், திங்கக்கிழமை பெரட்டுல வந்து நில்லு."

பெரட்டுன்னா காலங்காத்தால கணக்கப்புள்ள தோட்ட வேலைக்குப் பேர் கூப்பிடுற எடம். அங்க ஒரு தடவ பேர் விழுந்துச்சுன்னா, அப்புறம் நான் எங்க லினக்ஸ் ஏத்துறது? மருந்து டாங்கிலயா?

வலப்பனை டொக்டர்

நம்மள மாதிரியே நோண்டுற பொடியன் ஒருத்தன் வலப்பனையில இருக்கான், சிங்களப் பொடியன். ஆள நேர்ல பாத்ததில்ல, மெசேஜ்ல மட்டும் பழக்கம். அவன்கிட்ட அழுதேன். சத்தம் எந்த வழியா போகணும்னு ஒரு ஃபைல்ல எழுதியிருக்கும், காதுல வைக்கிற குட்டி ஸ்பீக்கர விட்டுட்டு, பாட்டுக் கேக்குற பெரிய ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிடு, மைக்கயும் மாத்துன்னான். வெள்ளிக்கிழமை காலையில வீட்டுலயே உக்காந்து மாத்துனேன். யாருக்காவது கோல் பண்ணிப் பாக்கலாம்னா, பஸ்ஸு ஹோர்ன் அடிச்சுருச்சு. ஓடிப் போய் ஏறிட்டு, இது நெசமா வேலை செய்யுமான்னு அவனுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன்.

சிங்களத்துல பதில் வந்துச்சு: "என்னுதுல செய்யல மச்சாங், ஆனா உன்னுதுல செய்யும்."

பஸ்ஸுக்கே வந்த கோல்

பத்து மணின்னு சொன்ன அம்மா, பெரட்டு கலையிறதுக்குள்ளயே கோல் பண்ணிட்டாங்க. கணக்கப்புள்ள பக்கத்துல நிக்கணுமாம், சாட்சிக்கு. நான் பஸ்ஸுல ஒத்தக் கால்ல தொங்குறேன். எடுத்தேன்.

"டேய் சதீசு! கேக்குதா?"

கேக்குதாவா? பஸ்ஸுல ஓடுன பாட்டே அடங்கிப் போச்சு! சத்தத்தப் பெருசாக்குனேனே தவிர, கொறைக்கிற வழிய நான் இன்னும் எழுதல. "கேக்குதும்மா!"ன்னு கத்துனேன். இந்தப் பக்கம் மைக்கும் வேலை செய்யுது! அழுகையே வந்துருச்சு. அந்த நேரம் பாத்து கணக்கப்புள்ள அம்மா கையிலருந்து போன வாங்கி, "தம்பி, அப்ப உன் பேரப் பதியவா, வேணாமா?"ன்னாரு. பஸ்ஸே என் வாயப் பாக்குது. "வேணாங்க, எனக்கு கடை இருக்குங்க"ன்னேன். அம்மா விடுவாங்களா? பின்னாலருந்து, "மா வாங்கிட்டு வாடா! போன வாரம் மாதிரி வெறுங்கையோட வந்து நிக்காத!"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள கண்டக்டர் குனிஞ்சு என் போன்ல சொன்னாரு: "கவலப்படாதீங்க அக்கா, மா வாங்காம இவன திரும்பி பஸ்ஸுல ஏத்த மாட்டேன்."

பக்கத்து காம்பிரா ஓடர்

அன்னைக்குச் சாயங்காலம் மாவோட போனேன். கண்டக்டர் பையத் தொறந்து பாத்துட்டுத்தான் ஏத்துனாரு. லயத்துல எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்து காம்பிரா சித்தி, அம்மா கூட கொழுந்து பறிக்கிறவங்க, வாசல்லயே மறிச்சுட்டாங்க. காலையில பெரட்டுல அம்மா பக்கத்துல நின்னவங்க, என் போன் பஸ்ஸுல கத்துன கதையும் எனக்கு முன்னாலயே லயத்துக்கு வந்து சேந்திருந்துச்சு. இவங்களும் கிண்டல் பண்ணப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க போன என் கையில வச்சு, "எடுத்தா தானாவே கத்தணும், அது மாதிரி பண்ணிக் குடு. ரெண்டு கையும் கொழுந்துல இருக்கு, இதக் காதுல வைக்க மூணாவது கைக்கு எங்கடா போவேன்?"ன்னாங்க. நான் பிழைன்னு நினைச்சு வெக்கப்பட்டதுக்கு மொத ஓடர்!

உள்ள அம்மா மா பெசஞ்சுக்கிட்டே, என்னப் பாக்காமலே சொன்னாங்க: "பேரப் பதிய வேணாம்னுட்டேன். ஆனா இனி நான் கோல் பண்ணா, மொதல்ல பஸ்ஸ விட்டு எறங்கு."

காதுல வைக்கிற குட்டி ஸ்பீக்கர்ல சத்தம் இன்னும் வரல, ஆனா எங்க வீட்டுல மா இருக்கா இல்லையான்னு இப்ப நோர்வூட்லருந்து ஹட்டன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.