கீழ்வீட்டுக்குக் கேட்கிற கிட்டார்

கடைக்குள் நுழைந்து அவள் வாயைத் திறப்பதற்குள் குடுமி போட்ட விற்பனையாளர் முந்திக்கொண்டார். "பையனுக்கா மேடம்? எத்தனாவது படிக்கிறான்?"

"எனக்குத்தான்," என்றாள் அவள்.

ஆள் கெட்டிக்காரர். கொஞ்சம்கூட அசடு வழியவில்லை. "அப்ப உக்காருங்கக்கா," என்று மேடத்தை ஒரே மூச்சில் அக்காவாக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பத்தெட்டு வயதில் கைப்பையும் குடையுமாக, முன்தலையில் வெள்ளைப் பொடியோடு, எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வருகிறவர்களை அவர் தினமும் பார்ப்பதில்லை. அந்தப் பொடி பிளாஸ்டர் மாவு. அவள் பல்செட் செய்கிறவள்.

பல் டாக்டர்கள் வாய்க்குள் அச்செடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். மாவைக் கரைத்து அதில் ஊற்றி, தாடையின் மாதிரியை எடுத்து, மெழுகில் பற்களை வரிசையாக நிறுத்தி, கடைசியில் ராவி மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. வட்டாரத்தில் பாதிக் கிழடுகள் அவள் புண்ணியத்தில்தான் மென்றுகொண்டிருக்கின்றன. ஆனால் ஒருவர் முகத்தையாவது அவள் பார்த்திருப்பாளா என்றால், இல்லை. தெருவில் யாராவது பளிச்சென்று சிரித்தால் 'இது நம்ம மேல்தாடையோ' என்று ஒரு சந்தேகம் வரும். வழிமறித்து வாயைத் திறக்கச் சொல்லவா முடியும்? முதலாளி முன்னறையில், அவள் பின்னறையில், நடுவில் ராவுகிற மிஷினின் இரைச்சல். பேச்சுத்துணை என்று பார்த்தால் மேஜையில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும் தாடைகள்தான்.

"என்ன மாதிரி பாட்டுக்கா வாசிக்கப் போறீங்க?" என்றார் குடுமிக்காரர்.

அவளுக்கு எந்தப் பாட்டும் மனதில் இல்லை. "எல்லா மாதிரியும்," என்று சொல்லி வைத்தாள்.

இதைக் கேட்கத்தான் மனிதர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் போலிருக்கிறது. சுவரிலிருந்து ஒரு நீலக் கிட்டாரை இறக்கினார். "அப்படின்னா இதுதான். இதுல மூணு பிக்கப் இருக்கு பாருங்க. கம்பியோட அதிர்வ வாங்கிச் சத்தமாக்குறது இதுங்கதான். இந்தக் கடைசில இருக்கறவன் தடியன், கரகரன்னு ராக் வாசிக்கலாம். மத்த ரெண்டும் ஒல்லி, சுத்தமா மணி மணியா வரும். இந்த ஸ்விட்ச்சைத் தள்ளுனா ஆளே மாறிடுவான். கல்யாணக் கச்சேரிக்கும் ஆவான், கலாட்டாவுக்கும் ஆவான்."

பக்கத்தில் பளபளவென்று சிவப்பாக ஒன்று, இதைவிடக் கூடுதல் விலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் மடியில் வாங்கிப் பார்த்தாள். கிட்டாரின் கழுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். "இது குத்துது," என்றாள். கழுத்தின் குறுக்கே பதித்திருந்த உலோகக் கட்டைகளின் நுனி சரியாக ராவப்படவில்லை. குத்துகிற பல்செட் மறுநாளே டப்பாவில் திரும்பி வரும் என்று பழகிய விரல் அது.

"குத்தும்தான். அதோட, இதுல சுருதிய வளைக்க ஆட்டுற கைப்பிடிக் கம்பி ஒண்ணு இருக்கு, கத்துக்கறவங்களுக்கு வேண்டாம். ஆட்டி ஆட்டி சுருதி நிக்காது. நீலத்துல கம்பிங்களைத் தாங்குற பாலம் அசையாது. இன்னொண்ணும் சொல்றேன், காசு முழுசையும் கிட்டார்ல கொட்டிடாதீங்க. பாதிச் சத்தம் ஆம்ப்லதான், அந்த ஸ்பீக்கர் பெட்டிலதான் இருக்கு."

ஆம்ப் என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வந்ததே ஆம்ப் வாங்கத்தான். கிட்டார் அதற்கு ஒரு சாக்கு.

இந்த இடத்தில் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காதுமிஷின் வாங்கித் தருகிறேன் என்று மகள் பணம் சேர்த்தாள். "இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று அம்மா கையை உதறிவிட்டாள். ஆகவே டிவி எப்போதும் உச்சத்தில் அலறும். உப்பு போதுமா என்று கேட்பதற்கு மகளும் தொண்டை கிழியக் கத்துவாள். அடுத்த தெருவுக்கே அவர்கள் வீட்டில் உப்புக் கூடினது தெரியும்.

கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆயுசு முழுக்க இன்ஜின் சத்தத்தில் கிடந்தவருக்கு மிச்ச நாளையாவது நிம்மதியாகக் கழிக்க ஆசை. மகளின் பிரசவத்துக்குப் போன அவர் மனைவி, பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட, மனிதர் தனியாக இருந்தார். வாரம் தவறாமல் படியேறி வந்து கதவைத் தட்டுவார். உள்ளே வந்து, "இது வீடா, சினிமாக் கொட்டகையா?" என்று கத்துவார். அம்மா அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் வாய் அசைவதைப் பார்த்து, நலம் விசாரிக்கிறார் என்றே முடிவு கட்டிவிடுவாள். "நல்லா இருக்கேன் தம்பி. முட்டிதான் வலி. நீ உக்காரு." ஹாரன் இன்னும் ஏறிக் கத்துவார். "காபியா? இதோ போடச் சொல்றேன்," என்பாள் அம்மா. வேறு வழியில்லாமல் உட்கார்வார். சண்டைக்கு வந்தவர் காபி குடித்து, மருமகனின் சம்பளம் வரை பேசிவிட்டு, போகும்போது ஞாபகம் வந்து, "சத்தத்தைக் குறைங்க!" என்று வாசலிலிருந்து ஒருமுறை உறுமிவிட்டுப் போவார். அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று யாராவது உண்டென்றால் அது இந்தப் புகார்தான்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். டிவி அணைந்தது. உப்பைப் பற்றிக் கத்துவதற்கு ஆளில்லை. சத்தம் நின்றதும் புகார் நின்றது, புகார் நின்றதும் கதவு தட்டுவது நின்றது. ஆரம்பத்தில் துக்கத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் தன் குரலைத் தானே கேட்காமல் இருந்திருக்கிறாள் என்று ஒருநாள் போனில் ராங் நம்பர் வந்தபோது தெரிந்தது. ஹலோ என்பதற்குத் தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. தனிமை என்றால் இதுதான் என்று அன்றைக்கு அவளுக்கு அப்பட்டமாகப் புரிந்தது, பயமாகவும் இருந்தது.

டிவியை உச்சத்துக்கு வைத்துப் பார்த்தாள். அம்மாவின் காலி நாற்காலிக்கு முன்னால் அது அலறியதைக் கேட்கச் சகிக்கவில்லை. அணைத்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் வாத்தியம் என்ற யோசனை வந்தது. புல்லாங்குழல் மாதிரி எதையாவது வாங்கினால் கீழேயிருந்து பாராட்டு வந்துவிடும் அபாயம் உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரை, அதுவும் கற்றுக்குட்டி வாசிப்பதை, ஓய்வுபெற்ற எந்த மனிதனும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. காதுமிஷின் பணம் அப்படியே இருந்தது. ஹாரன் ஒரே ஒரு தடவை மேலே வந்து கத்திவிட்டுப் போனால் போதும். மிச்சத்தைக் காபி பார்த்துக்கொள்ளும்.

குடுமிக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் கையடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை மேஜையில் வைத்தார். "அப்பார்ட்மென்ட்டுக்கு இது போதும்க்கா. ஹெட்ஃபோனைச் சொருகிட்டா ஈ காக்காய்க்குக்கூடக் கேக்காது."

"இதைவிடப் பெரிசா?"

"இருபது வாட்ல ஒண்ணு இருக்கு, எட்டு இன்ச் ஸ்பீக்கர். சுத்தமான சத்தம், கரகரப்பு, எதிரொலி எல்லாம் உள்ளேயே வரும். நாளைக்கு நாலு பேரோட சேர்ந்து வாசிச்சாலும் தாங்கும். விலையும் பெரிய வித்தியாசமில்ல. ஆனா தரை வழியா கீழ இறங்கும்."

"இறங்குமா? நல்லாக் கேக்குமா?"

"பயப்படாதீங்க, அடியில ஒரு ரப்பர் விரிப்பு போட்டுட்டா..."

"விரிப்பு வேண்டாம்."

குடுமிக்காரர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். "கீழ்வீட்டுக்காரங்களோட சண்டையாக்கா?"

"சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு," என்றாள்.

அவர் நல்ல ஜோக் என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஒயரும் உறையும் சேர்த்து பில் போட்டு, வாசிக்கும் முறையை அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்து, ஆட்டோ வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். அந்த அரைமணி நேரத்தில் அவள் எத்தனையோ மாதங்களில் பேசியதைவிட அதிகம் பேசியிருந்தாள். வீட்டுப் படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது மூச்சு வாங்கினாலும் மனசு லேசாக இருந்தது.

ஹாரனின் கூடத்துக்கு நேர் மேலே, வெறுந்தரையில் ஆம்பை வைத்தாள். கூடத்தைக் கூட்டினாள். நாற்காலியில் கிடந்த துணிகளை மடித்தாள், நல்ல கப்புகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் தடியன் பக்கம் ஸ்விட்ச்சைத் தள்ளி, கரகரப்பை முழுக்கத் திருப்பி, கம்பிகளை மொத்தமாக ஒரு இழுப்பு இழுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலமும் வாசித்தாள், அதற்கு மறுநாளும். எல்லாத்துக்கும் ஒத்துவரும் கிட்டார் என்று குடுமிக்காரர் சொன்னது பொய்யில்லை, எல்லா விதமாகவும் தொந்தரவு கொடுத்துப் பார்க்க அது ஒத்துழைத்தது. ஒல்லிப் பிக்கப்பில் டொய்ங் டொய்ங் என்று ஒரே கம்பியை மீட்டினாள். எதிரொலியைக் கூட்டிப் பார்த்தாள். விரல்நுனிகள் கன்றிச் சிவந்து, பிறகு காய்த்தே போயின. இடையில் எப்படியோ ஸ்வரங்கள் இரண்டு மூன்று அழகாக விழத் தொடங்கியதும் அவளுக்கு எரிச்சல் வந்தது. நன்றாக வாசித்து யாருக்கு என்ன லாபம்? ஹாரனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, தரையில் காதை வைத்துக் கேட்டாள். குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஆள் இருக்கிறார், ஆனால் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படிக்கட்டில் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். கையில் மருந்துக்கடைப் பை. அவளைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். முன்பெல்லாம் படிக்கட்டே தன்னுடையது மாதிரி வருகிறவர்.

"கிட்டார் வாசிக்கிறியாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே. சத்தம் ரொம்ப இருக்கா?"

"பரவால்லம்மா."

"நெஜத்தைச் சொல்லுங்க."

"தலைவலிதான். மாத்திரை போட்டுக்கறேன். நீ வாசி."

"ஏண்ணே, மேல வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? எப்பவும் வர்றதுதானே?"

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். "கடைசியா மேல வந்தன்னைக்கு என்ன கத்துனேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவளுக்கு இல்லை. அவர் கத்தியதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்?

"இந்த வீடு என்னைக்குத்தான் அமைதியாகுமோன்னு கத்துனேன். அடுத்த வாரமே ஆயிடுச்சு," என்றார். "என் நாக்கு கருநாக்கும்மா. அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போறப்பவே முடிவு பண்ணிட்டேன், செத்தாலும் இனிமே உங்க கதவைத் தட்டறதில்லன்னு. நீ எவ்வளவு சத்தமா வேணும்னாலும் வாசி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"அண்ணே, அம்மாவுக்கு அது கேக்கவே இல்ல."

"எனக்குக் கேட்டுச்சேம்மா," என்றார். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவள் மேலே வந்து உட்கார்ந்தாள். கிட்டாரைத் தொடவில்லை. இருபது வாட் என்ன, இருநூறு வாட் வாங்கியிருந்தாலும் அந்த மனிதரை ஒரு படிகூட ஏற வைத்திருக்க முடியாது. இத்தனை நாளும் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தண்டனையை அனுபவித்திருக்கிறார், அதைக் கொடுத்தவள் அவள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கம் தணிந்ததும் கோபம் வந்தது. அம்மா என்ன, ஹாரன் வாயைத் திறந்ததாலா செத்தாள்? எண்பத்தோரு வயசில் தூக்கத்தில் போனாள். மகாராசி சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு இவராக ஒரு பாவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாராம், அதற்காக மேல்வீட்டில் ஒருத்தி வாயடைத்துக் கிடக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்? கதவைத் தட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தது அவர். அவள் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள். அவர் கதவைத் தட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டுவது இதுதான் முதல் தடவை.

ஹாரன் பதறிக்கொண்டு திறந்தார். "என்னம்மா? தண்ணி ஏதும் ஒழுகுதா?"

"கம்ப்ளெயின்ட் பண்ண வந்தேன்," என்றாள். உரக்கவே பேசினாள். "உங்க வீட்டுலேர்ந்து ஒரு சத்தமும் வர மாட்டேங்குது. மனுஷங்க இருக்கற வீடா இது? மேல இருக்கறவ எப்படித் தூங்கறது?"

அவர் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய், கூடத்தின் இரண்டாவது நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை அள்ளத் தொடங்கினார்.