கீழே ஒரு ஜாண் இடம்

“ஏன்வே, கையில விசில் இருந்துச்சுல்லா? ஊதியிருக்கப்படாதா?” என்று கல்லைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் உளியை வைக்கிறார் ஐயம்பெருமாள். அவர் வெட்டப்போகும் பெயருக்குரிய ஏட்டு ஞானதிரவியம் இறந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையில், அரிசி கடத்திய கூட்டத்தைத் தனி ஆளாக மறித்தவர். விடிந்தபோது ஓடைக்குள் கிடந்தாராம்.

பேட்டையில் ஐயம்பெருமாளின் பட்டறைக்குப் புதுவீட்டுக் கல் வரும், கோயில் உபயக் கல் வரும். இப்போது படுத்திருப்பது எல்லைச் சோதனைச்சாவடிக்குப் போகும் கல். அந்தச் சாலையில் கடத்தல்காரர் கையால் மாண்ட காவலர்களின் பெயர்களைத் தாங்கப் போவது. பழைய கல்லைப் போன மாதம் ஒரு மணல் லாரி தடுப்போடு சேர்த்து உடைத்துவிட்டுப் போனது. அன்று தடுப்பருகே நின்று, மயிரிழையில் விலகிப் பிழைத்த காவலர் சித்ரலேகா, இவருடைய ஒரே மகள்.

ஒரு பெயர் முடிந்தால் அவரால் உட்கார முடியாது. எழுந்து வாசலுக்குப் போவார். தென்காசிச் சாலையை மேற்கே பார்ப்பார். திரும்பி வந்து தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை மறந்துவிடுவார். கல்தூசிக்குப் பயந்து கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டிருக்கிறார். பையோடுதான் பேச்சு.

“ஏளா, எங்கன நிக்கே?”

“சாவடியிலதாம்ப்பா. இப்பத்தான பேசுனிய.”

“ரோட்டை விட்டுத் தள்ளி நில்லு.”

“தள்ளி நின்னா லாரிய யாரு மறிப்பா?”

பாவம், பெற்ற மனம், பக்கத்தில் ஹாரன் அடித்தாலே துடிக்கிறது.

சோறு கொண்டுவரும் மனைவி சொர்ணாம்பாள் விடுவதில்லை. “செத்தவங்ககிட்ட அம்புட்டுக் கேள்வி கேக்கிய. பெத்த மககிட்ட, வேலைய விட்டுட்டு வாளான்னு சொல்ல வாய் வரலையோ?”

“அவ காக்கிச்சட்டை போட்ட அன்னிக்குத் தெருவெல்லாம் லட்டு குடுத்தவன்ளா நான். எந்த வாயால சொல்ல?”

கல்லுக்குச் சொல்லிவிட்டுப் போனவர் சாவடியின் சப்-இன்ஸ்பெக்டர் கிங்ஸ்லி. போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். “அண்ணாச்சி, கடைசிப் பேருக்குக் கீழ ஒரு ஜாண் இடம் விட்டுருங்க. பின்னால தேவைப்படும்லா.”

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது வெறும் அளவு. ஐயம்பெருமாள் அன்று சோற்றைத் தொடவில்லை.

நேற்று கடைசிப் பெயரான அகமது மீரானை முடித்தார். வழக்கத்துக்கு மாறாக வாசலுக்குப் போகவில்லை. சிறிய உளியை எடுத்து, பெயருக்குக் கீழே ஒரு கொடியை ஓடவிட்டார். கொடியில் இலை, இலைக்கு நடுவே மொட்டு, மொட்டைத் தாண்டிப் பூ. யாரும் கேட்காத பூ.

இன்று காலை வேனோடு வந்த கிங்ஸ்லி வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இடம் எங்க, அண்ணாச்சி?”

“இந்தக் கல்லு நெறைஞ்சிட்டுன்னு மேல சொல்லிருங்க, சார்.”

கிங்ஸ்லியின் விரல் கொடியின் மேல் மெல்ல ஊர்ந்து போனது. வலது மூலையில், பூவுக்கும் விளிம்புக்கும் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் கல் மிஞ்சியிருந்தது. விரல் அங்கே நின்றது.

ஐயம்பெருமாள் அந்த விரலைப் பைய விலக்கினார். உளியை அதே இடத்தில் ஊன்றி, இன்னும் ஓர் இலையை வெட்டத் தொடங்கினார்.