துவைக்காமல் வைத்திருந்த கவுன்

லாண்டரியம்மாவின் வீட்டில் துவைக்காத துணி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பத்தெட்டு வருடங்களாக அதில் தண்ணீர் பட்டதில்லை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. கூடவே வேலை பார்த்த நாத்தனாருக்கும் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

மலைக்கு அந்தப் பக்கம் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துப் பார்த்த காலத்தில், அவள் ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். குண்டு வெடித்த மறுநாள் வண்டி வண்டியாகச் சீருடைகள் வந்து இறங்கும். உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பும். மூக்கைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் சிரித்தார்.

"வெறும் மண்ணுதாம்மா. சோப்பு போட்டா போயிடும்."

சோப்புப் போட்டார்கள். சலவைக்கூடம் கொள்ளாத நாட்களில் மூட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துத் தரலாம் என்றார்கள். மற்ற பெண்கள் தயங்கினார்கள். இவள் எடுத்துப் போனாள். மூட்டையைப் பிரித்தால் மகளுக்குக் கொண்டாட்டம். குவியலுக்குள் புகுந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டுவாள். அதைப் பார்த்துத்தான் அப்பா அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தார். ஒன்பது வயதில் சுண்டெலிக்கு ஈறுகளில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பத்தாவது பிறந்தநாளுக்கு அவள் இல்லை.

முதல் குண்டு வெடித்த தேதியில் ஊர் வருடா வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடும். மேடையோ பேச்சோ கிடையாது. கொடிக்கயிறு கட்டி, செத்துப்போனவர்களின் உடுப்புகளை ஆளுக்கொன்றாக மாட்டுவார்கள். மாட்டுகிறவர், அது யாருடையது, அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துவைத்துத் தேய்த்த துணியைத்தான் மாட்டலாம் என்பது வழக்கம். அதனால் ஒரு வாரம் முன்பே எல்லா உடுப்புகளும் லாண்டரியம்மாவின் கடைக்கு வந்துவிடும். நைந்துபோன துணிகள் மெஷினைத் தாங்காது. எல்லாமே கைத்துவையல்தான்.

நாத்தனாருக்குக் கையும் வாயும் சேர்ந்தே ஓடும்.

"அண்ணி, இந்தச் சட்டையப் பாருங்க. உயிரோட இருந்த வரைக்கும் மனுஷன் பட்டன் இல்லாம அலைஞ்சாரு. இப்ப பாருங்க, வரிசையா முத்துப் பட்டன்!"

"பேசாம தேய்டி. அவர் பொண்டாட்டிக்கு இப்பத்தான் தைக்க நேரம் கிடைச்சிருக்கு."

சுண்டெலியின் துணி மட்டும் அந்தக் கயிற்றில் ஏறியதே இல்லை. "இந்த வருஷமாவது மாட்டலாமா?" என்று கணவர் வருடம் தவறாமல் கேட்பார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பாள். மாட்டினால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. அந்தத் தூசியை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்பதை விழுங்கிவிட்டு, வெறும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வர அவளால் ஆகாது.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் சுண்டெலி கழற்றிப்போட்ட மஞ்சள் கவுன் அவளிடம் இருந்தது. கழுத்துப் பட்டியில் முகத்தைப் புதைத்தால் தலையெண்ணெயும் வியர்வையும் பென்சில் சீவலும் கலந்த ஒரு வாசனை வரும். வருடத்துக்கு ஒருமுறைதான் எடுத்துப் பார்ப்பாள். அடிக்கடி எடுத்தால் தீர்ந்துவிடுமோ என்று பயம். ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்தவள், அந்த ஒரு அழுக்கை மட்டும் கணவரின் கல்யாணச் சட்டைக்குள் மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

இந்த வருடம் கணவரும் போய்விட்டார். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். நுரையீரலில் கட்டி.

"அண்ணன் துணி எதை மாட்டறது அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"கல்யாணச் சட்டை. பெட்டியில இருக்கு. நான் எடுத்துத் தரேன்."

சொன்னாளே தவிர எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். நாள் நெருங்கிவிட்டது. ஊர் கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், கயிறு கட்டும் கம்பங்களைப் பார்க்க மைதானத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது கொல்லைப்புறக் கொடியில் கணவரின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில், சொட்டச் சொட்ட, மஞ்சள் கவுன்.

நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு நிறைவு.

"அண்ணன் சட்டைக்குள்ளயே வெச்சிருந்தீங்களே அண்ணி. அப்பனையும் பொண்ணையும் ஒண்ணா மாட்டணும்னு தானே? வாய்விட்டுச் சொல்ல முடியாம கிடக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். கழுத்துல எண்ணெய்க் கறை என்னமா ஊறியிருந்துச்சு தெரியுமா! மூணு தடவை சோப்பு போட்டேன். இப்ப பாருங்க, சுத்தமாப் போயிடுச்சு."

லாண்டரியம்மா கவுனை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்தோடு முகத்தில் வைத்துக்கொண்டாள். சோப்பு. கழுத்துப் பட்டியைப் பிரித்துப் பார்த்தாள். அக்குளைப் பார்த்தாள். உள்தையலைப் பார்த்தாள். எங்கும் குறை சொல்ல முடியாத வேலை. அவளே சொல்லிக்கொடுத்த வேலை.

"என்ன அண்ணி? எங்கயாவது கிழிஞ்சிருக்கா?"

"கிழியலடி."

"பின்ன?"

"அதுல அவ வாசனை இருந்துச்சு."

நாத்தனார் துவைகல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். லாண்டரியம்மாவுக்குக் கோபம் நெஞ்சு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தியபோது, சோப்பில் ஊறிச் சுருங்கிய விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாமல், வேலையைச் சரியாகச் செய்த கைகள். அப்படிப்பட்ட கைகளை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அடிச்சுக்காத. தெரியாமத்தானே பண்ணின. விடு."

மறுநாள் கவுனை அவளே தேய்த்தாள். பஃப் கைக்குள் இஸ்திரிப் பெட்டி நுழையவில்லை. விரலில் ஈரத்துணி சுற்றி உள்ளே விட்டு நீவினாள். துவைத்துத் தேய்த்தாயிற்று. இனி மாட்டாமல் இருக்க எந்தச் சாக்கும் இல்லை.

மைதானத்தில் முதலில் வெள்ளைச் சட்டையை மாட்டினாள். "இது என் வீட்டுக்காரர். தண்ணி லாரி ஓட்டினார். பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவார். சுருதியே சேராது." இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு கவுனை எடுத்தாள். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இது என் பொண்ணு. சுண்டெலி. ஒன்பது வயசு." கிளிப் கையில் நின்றது. "கேம்ப் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான்."

பக்கத்தில் நின்ற நாத்தனார் மெல்ல அவள் முழங்கையைப் பிடித்தாள். "தெரியாமத்தானே அண்ணி பண்ணினீங்க."

அதே வார்த்தையைத்தான் இவளும் சொல்லியிருந்தாள். நாத்தனாருக்கு அது உள்ளே இறங்கியிருந்தது. அதனால்தான் அன்றைக்கு அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். இவளுக்கு அது எங்கேயோ வெளியே நின்றுவிட்டது. கிளிப்பை அழுத்தி மாட்டிவிட்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் துணிகளை எடுத்தார்கள். மஞ்சள் கவுனை எடுத்ததும் கை தானாக அதை முகத்துக்குக் கொண்டுபோயிற்று. நாத்தனார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"வெயில் வாசனை வருதுடி" என்றாள் லாண்டரியம்மா, நாத்தனாரின் மனசுக்காக. பிறகு கவுனை நான்காக மடித்து, பழைய இடத்திலேயே, அவருடைய சட்டைக்குள் வைத்தாள்.