ஸ்பீவாக் கட்டிய ஊரில் ஃபைவல்

வேதச் சுருளை வாசிக்கும்போது யூத ஜெபக்கூடத்தில் எல்லார் பார்வையும் மேடையில் இருக்கும். கொத்தனார் ஃபைவல் கார்ஃபினின் பார்வை மட்டும் கிழக்கு வளைவில். கையை விரித்து, காற்றிலேயே ஒரு சாண், இரண்டு சாண் என்று நகர்த்திக்கொண்டிருப்பார்.

"யோவ் ஃபைவல், ஓய்வுநாள்ல அளக்கக் கூடாதுய்யா!" பக்கத்து இருக்கைத் தையற்காரர் இட்சிக் விலாவில் இடிப்பார்.

"அளக்கல. வயிறெரியுறேன். அதுக்குமா தடை?"

"அதுக்குன்னே 'அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே'ன்னு பத்தாவது கட்டளையைக் குடுத்திருக்கானே ஆண்டவன்!"

கிளீவ்லாந்தில் ஃபைவல் நிம்மதியாக நடக்க ஒரு தெரு இல்லை. இந்த ஜெபக்கூடம் ஸ்பீவாக் கம்பெனி கட்டியது. யூதர் மருத்துவமனை, மூலையிலுள்ள பன்னிரண்டு மாடி வங்கி, மனைவி ஃப்ரூமா தொப்பி வாங்கும் பெரிய கடை, எல்லாமே ஸ்பீவாக். கடைக்குப் போனால் இவர் வாசலோடு நின்றுவிடுவார்.

"உள்ள வந்தா கூரை தலையில விழுந்துடுமா?" என்பாள் ஃப்ரூமா.

"விழுந்தா நல்லாத்தான் இருக்கும்."

பேரன் பிறந்த அன்று, குழந்தையைப் பார்க்குமுன் மருத்துவமனை ஜன்னல் விளிம்பு கோணலா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த மனிதர். அன்றும் குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு இழை சாய்வில்லை; முணுமுணுத்துக்கொண்டே ரசமட்டத்தைப் பைக்குள் திணித்தார்.

ஃபைவலுக்கு இருபத்தாறு வருடமாகச் சின்னக் கட்டட கான்ட்ராக்டர் லாசரிடம் வேலை. லாசர் கம்பெனி இதுவரை கட்டியது கோழி அறுக்கும் கூடம் ஒன்று, பேக்கரி மூன்று, மற்றபடி சுற்றுச்சுவர்கள்.

இப்போது யூதப் பள்ளிக்கூடம் வரப்போகிறது. கட்டும் வேலை யாருக்கு என்று முடிவு செய்ய, போன ஞாயிறு மதியம் ஜெபக்கூடத்தில் குழு கூடியது. கிழக்குச் சுவரில் முழ நீள விரிசல் ஒன்றை லாசர் எல்லாருக்கும் காட்டினார்.

"பாருங்க, ஏழே வருஷத்துல ஸ்பீவாக் சுவர் பிளந்துடுச்சு!"

குழுத் தலைவர் பல் டாக்டர் மெல்னிக், லாசரோடு வந்திருந்த கொத்தனார் பக்கம் திரும்பினார். "ஃபைவல், எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க சொல்லுங்க. சுவரே விரிசல் விட்டிருக்கா?"

லாசர் கண்ணைச் சிமிட்டினார். ஒரு 'ஆமா' போதும். பேரன் படிக்கப்போகும் பள்ளிக்கூடம் தாத்தா கட்டியதாக இருக்கும். ஃபைவல் எழுந்து போய் விரல் முட்டியால் விரிசலின் மேல் தட்டினார். கருங்கல்போல் கெட்டியான சத்தம்.

"சுவருக்கு ஒண்ணுமில்ல. மேல்பூச்சுதான் காஞ்சு வெடிச்சிருக்கு," என்றவர், பல்லைக் கடித்துக்கொண்டு, "பாவிப்பய, நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்றார்.

லாசர் கதவை அறைந்துவிட்டுப் போனார். குழு ஸ்பீவாக்குக்குக் கை தூக்கியது. எல்லாரும் கலைந்து வெளியேறிக்கொண்டிருக்க, ஃபைவல் சுவரில் காதை ஒட்டிவைத்து, முன்னைவிட ஓங்கி, இன்னொரு முறை தட்டினார்.